பதினொரு மணிக்குப் பெயரில்லை

பசியாறி முடிந்தும்
பகல் சோறு தொடங்காமலும்
கீழக்கரையில் ஒரு பொழுது உண்டு.
மீன்காரர் சைக்கிள் தெருவைத் தாண்டியிருக்கும்,
லுஹர் பாங்குக்கு இன்னும் நேரம் கிடக்கும்.
அந்நேரத்துத் தீனிக்கு எங்கள் பேச்சில் பெயரில்லை.
பிரஞ்ச் என்கிறாள் மகள் நிலோபர்.
பிரெஞ்சுக்காரன் சாப்பாடா என்றேன்.
தலையில் அடித்துக்கொண்டாள்.
அப்படியானால் காய் பொருத்தம்தான்,
இதுவும் பறங்கிக்காய்.

சீனி அசன் ஊர் வந்து பன்னிரண்டு நாள்.
பேரிலேயே சீனி.
ராமநாதபுரத்து லேபில் பார்த்தால்
ரத்தத்திலும் முந்நூற்றுப் பத்து.
ஷார்ஜாவில் அறைக்கூட்டாளி ஒருவன்
சொல்லிக் கொடுத்தானாம் பேலியோ என்று.
சோறு இல்லை, இடியப்பம் இல்லை, பருப்பாணம் இல்லை,
தொதல் டப்பா இருக்கும் பக்கம் தலை வைப்பதும் இல்லை.
ஆதியில் குகை மனுசன் தின்றதைத்தான் தின்னணுமாம்.

குகையில் கறிவேப்பிலை கிடைத்ததா என்று கேட்டேன்.
குகை மனுசன் பதினேழு வருசம்
பெண்டாட்டியை ஒரு குகையில் விட்டுவிட்டு
இன்னொரு குகையில்
எட்டுப் பேரோடு படுத்துக் கிடந்தானா
என்று கேட்கவில்லை.
அதைச் சின்ன வெங்காயத்தோடு சேர்த்து நறுக்கினேன்.

முதுகுளத்தூர் வண்டியில் வந்த காய்,
இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.
மூடியைச் சாய்த்து வெட்டணும்,
நேரே வெட்டினால் வெந்ததும் உள்ளே விழுந்துவிடும்.
வெட்டுமுன்னே ஓரத்தில்
மேலுக்கும் கீழுக்குமாய் ஒரு கீறல்.
எது எதோடு ஒட்டி இருந்ததென்று
கொஞ்ச நேரத்தில் காய்க்கே மறந்துபோகும்.

அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து
கரண்டியால் விதை வழித்தார்.
என் அடுப்படியில் அவரை உட்காரப் பார்த்ததில்லை நான்.
"கஃபட்டீரியாவுல இதெல்லாம் என் வேலைதான்."
எத்தனை காய் வெட்டியிருப்பீங்க?
"அதையெல்லாம் யாரு எண்ணுனா."
நான் எண்ணியிருந்தேன்,
காயை அல்ல.

கணவாயைப் பொடிசாய் அரிந்து போட்டால்
தண்ணீர் விடும், விட்டுக்கொண்டே இருக்கும்.
அவசரப்படக் கூடாது.
தேங்காயெண்ணெய், இடித்த மிளகு,
பல்லுப்பல்லாய்க் கீறிய தேங்காய்,
கடைசியில் மூன்று முட்டை.
ஒரு பிடி சோறு சேர்ந்தால் நன்றாய்ப் பிடித்துக்கொள்ளும்.
கை தானாகப் பானைக்குப் போனது.
அவர் பார்த்தார்.
கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அவன் அடுப்பு எங்களிடம் இல்லை.
கல்யாண தேக்சாவின் அடியில்
இரண்டு விரல் கனத்துக்குக் கடல் மணல்,
அதன்மேல் காய்,
தேக்சா மூடியின்மேல் கருவேலங்கரித் துண்டுகள்.
ஐந்து நிமிசத்துக்கு ஒருதரம் திறக்க வந்தார்.
அகப்பையால் ஒன்று வைத்தேன் மணிக்கட்டில்.
பதினேழு வருசத்தில் முதல் அடி.
இரண்டு பேரும் சிரித்தோம்,
அவர் கொஞ்சம் தாமதமாக.

திறந்தபோது ஆவியில் கண்ணாடி மங்கிப்போய்
துடைத்துவிட்டுக் குனிந்தார்.
காய் பழுத்த நிறத்தில் தளர்ந்து,
மூடி சுருங்கி,
கீறலுக்குக் கீறல் ஒரு விரல் தள்ளிக் கிடந்தது.
"பொருந்தலையே" என்றார்.
"வெந்தா அப்படித்தான்" என்றேன்.

தட்டு எடுக்கவில்லை.
அந்தப் பக்கம் அவர் கரண்டி, இந்தப் பக்கம் என் கரண்டி.
கணவாய் தீர்ந்து, முட்டை தீர்ந்து,
சுவரைச் சுரண்டத் தொடங்கினோம்.
இனிப்பான சதையை என் பக்கம் தள்ளிவிட்டார்.
சீனிக்குப் பயந்தா, வேறெதற்கா,
தெரியாது.

விதையைக் கழுவி முறத்தில் பரப்பினேன்.
"முளைக்குமா?"
"வெயிலுக்குத் தாங்கும். நாலு மாசத்துல காய்க்கும்."
விமான டிக்கெட் இருக்கும் பீரோவை ஒருதரம் பார்த்துவிட்டு
விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார்.
இரண்டாவது விரலில்
பாங்கு சொல்லிவிட்டது.